மொனசைட்டை உடைக்க: அமிலமா, சோடாவா?

இலங்கையின் வன்னியில் உள்ள கொக்கிளாய்க் கரையில் மணலை ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். கறுப்பாய் மினுங்குவது பெரும்பாலும் டைட்டேனியத் தாதான இல்மனைட்டுத்தான். சீரியம், லந்தனம், நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்கள் பொஸ்பேட்டோடு பிணைந்த மொனசைட் அதற்குள் தேன் நிறத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். காந்தம் வைத்துப் பிரிப்பது பெரிய வேலையில்லை. பொஸ்பேட் பிணைப்பை உடைப்பதுதான் பாடு.

ஒரு வழி, செறிந்த கந்தக அமிலத்தில் 200 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்குவது. அமிலம் மலிவு, நைசாக அரைக்கவும் தேவையில்லை. ஆனால் அருமண்ணோடு, மொனசைட்டில் உள்ள கதிர்வீசும் தோரியமும் பொஸ்பேட்டும் சேர்ந்தே கரைசலுக்குள் வந்துவிடும். அமிலப் புகை வேறு.

சோடா வழியில் மணலை மாப்போல அரைத்து, 60-70 சதவீத கோஸ்டிக் சோடாவில் 140-150 பாகையில் சில மணித்தியாலம் அவிக்க வேண்டும். அரைக்கிற செலவு கூடத்தான். ஆனால் பொஸ்பேட் முதலிலேயே கழன்றுவிடும். அதை முச்சோடியம் பொஸ்பேட்டாக்கி விற்கலாம், மிஞ்சிய சோடாவைத் திரும்பப் பாவிக்கலாம். அடியில் தங்கும் ஐதரொட்சைட்டில் ஐதரோகுளோரிக் அமிலத்தை அளந்து விட்டால் அருமண் கரையும், தோரியத்தில் பெரும்பகுதி கரையாமல் நிற்கும். கேரளத்து ஆலுவாயில் 1952 இல் தொடங்கிய ஆலை இந்த வழியைத்தான் பிடித்தது.

கோடையில் கிணறு வற்றுகிற, களப்பில் இறால் பிடித்துச் சீவிக்கிற வன்னிக்கு நான் சோடாவைத்தான் சொல்லுவேன். எந்த வழியென்றாலும் கதிர்வீசும் தோரியக் கழிவைப் பூட்டி வைக்க ஓர் இடம் வேண்டும். களப்போரம் அதற்கு ஆகவே ஆகாது.