குளிர்பெட்டியும் பால்மாவும்: சீனாவில் இரண்டு நிறுவனங்கள்

1985. சிங்தாவ் நகரின் குளிர்பெட்டி ஆலை, பின்னாளைய ஹையர் நிறுவனம். குறையுள்ள 76 பெட்டிகளைத் தொழிலாளர்களைக் கொண்டே சுத்தியலால் உடைக்கவைத்தார் இயக்குநர் சாங் ருய்மின். ஒரு பெட்டியின் விலை ஒரு தொழிலாளியின் ஓராண்டுச் சம்பளத்துக்கும் மேல்! அந்தச் சுத்தியல் இன்று பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சான்லு பால்மா நிறுவனம் போனது வேறு வழி. பாலில் புரதம் கூடுதலாகத் தெரிவதற்காக மெலமைன் என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் கலக்கப்பட்டிருந்தது. புகார்கள் 2007 இறுதியிலேயே வந்துவிட்டன. 2008 செப்டம்பரில்தான் விஷயம் வெளியே வந்தது. சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்தார்கள். நிறுவனம் திவாலானது, தலைவிக்கு ஆயுள் தண்டனை.

லாபத்துக்கு முன்னால் நியாயத்தைப் பார்ப்பவரே பண்பாளர் என்பது கன்பூசியஸ் வாக்கு. அந்த அளவுகோலில் சாங் தேறுகிறார். பெட்டியை உடைத்தது நல்ல விளம்பரமும் ஆனது, சரி. ஆனால் நஷ்டத்தை நிறுவனமே ஏற்றது. சான்லு தன் நஷ்டத்தைக் கைக்குழந்தைகள் மேல் இறக்கியது. அதை வெறும் தரக்குறைவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது இரக்கமின்மை.

உணவு, படை, மக்களின் நம்பிக்கை மூன்றில் கடைசிவரை விடக்கூடாதது நம்பிக்கைதான் என்றும் கன்பூசியஸ் சொன்னார். சான்லு இழந்தது தன் பெயரை மட்டுமல்ல. சீனப் பெற்றோர் வெளிநாட்டுப் பால்மாவைத் தேடி ஹாங்காங் கடைகளில் குவிந்தார்கள். 2013இல் அங்கிருந்து ஒருவர் இரண்டு டின்னுக்கு மேல் கொண்டுபோகத் தடையே வந்தது.