கிளிநொச்சியில் மூன்று மாலை வேதாகம வகுப்பு

கடவுளின் குணத்தையும் அன்பையும் பற்றி எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள தேவாலய மண்டபத்தில் மூன்று மாலைகள் நடந்த வகுப்பில் நானும் அம்மாவும் கலந்துகொண்டோம். கட்டணம் இல்லை.

முதல் மாலை யாத்திராகமம் 34ஆம் அதிகாரம். மக்கள் பொன் கன்றுக்குட்டியை வணங்கிய பின்னரே கடவுள் தம்மை இரக்கமும் நீடிய சாந்தமும் உள்ளவராக மோசேக்கு அறிவிக்கிறார் என்பதையும், குற்றத்தைத் தண்டியாமல் விடாதவர் என்று அங்கேயே சொல்லப்படுவதையும் போதகர் ஒன்றால் மற்றொன்றை மறைக்காமல் விளக்கினார்.

மனத்தில் நிற்பது இரண்டாம் மாலைதான். லூக்கா 15இல் இயேசு சொல்லும் கதையில், வீட்டைவிட்டுப் போய்ச் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பும் இளைய மகன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டு, மனதுருகி, ஓடிச் சென்று கட்டிக்கொள்கிறார். மகன் ஆயத்தம் செய்துவந்த வார்த்தைகளைச் சொல்லி முடிப்பதற்குள் நல்ல வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்கிறார். போர் முடிந்த 2009இலிருந்து திரும்பி வராத பிள்ளைக்காகப் படலையைப் பார்த்திருக்கும் தாய்மார் எங்கள் வரிசையிலேயே இருந்தார்கள்; அந்தத் தகப்பனின் பார்வையை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

யோவானின் முதலாம் நிருபம் மூன்றாம் மாலையில் அவசரமாக முடிந்தது. கடவுள் அன்பாகவே இருக்கிறார் என்று சொல்லும் அதன் 4ஆம் அதிகாரத்துக்கு மட்டுமே ஒரு மாலை வேண்டும். கேள்விகளுக்கு நேரம் ஒதுக்காதது பெரிய குறை. துன்பத்தின் நடுவே கடவுளின் அன்பு எங்கே என்று கேட்கப்போவதாக என்னிடம் சொல்லியிருந்த ஐயா ஒருவர், கேட்காமலே எழுந்து போனார். அடுத்த வகுப்பு தவக்காலத்தில் நடக்குமாம். அம்மா இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்.