ரேடியேட்டர் குழாய் மாறிப்போனால்: வால்வை மாற்றுவதா, தரையைப் பெயர்ப்பதா?

பிரிட்டன் வீடுகளில், வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் ஒன்று மட்டும் சத்தம் போட்டோ சூடேறாமலோ அடம்பிடித்தால், ஹீட்டிங்கைப் போட்டவுடன் அதன் இரு முனைக் குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். முதலில் சுடுவதுதான் வெந்நீர் வரும் குழாய்; மற்றது தண்ணீர் பாய்லருக்குத் திரும்பும் குழாய்.

அறைச் சூட்டுக்கேற்பத் தானே திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வு திரும்பும் குழாயில் இருந்தால், ஒரு திசை ஓட்டத்துக்கு மட்டுமே ஏற்ற பழைய ஒருவழி வால்வு மூடும் நேரத்தில் சுத்தியலால் அடிப்பதுபோல் படபடவெனத் தட்டும். எந்தத் திசையில் தண்ணீர் ஓடினாலும் வேலை செய்யும் இருவழி வால்வு மாட்டினால் போதும். நான் இதைத்தான் செய்வேன். குழாயில் கைவைக்க மாட்டேன்.

ரேடியேட்டரின் இரண்டு முனையும் வெந்நீர் வரும் குழாயிலேயே இணைந்திருந்தால் கதை வேறு. (பழைய ஒற்றைக்குழாய் அமைப்பில் இரு முனையும் ஒரே குழாயில்தான் இருக்கும், அது பிழையல்ல.) அழுத்த வித்தியாசம் இல்லாததால் ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடாது. மற்ற ரேடியேட்டர்களை எல்லாம் அடைத்துப் பார்த்தாலும் இது சூடேறாது. காற்றை வெளியேற்றுவதும் பம்ப் வேகத்தைக் கூட்டுவதும் வீண். தரைப்பலகையைப் பெயர்த்து, ஒரு முனையைத் திரும்பும் குழாய்க்கு மாற்றியே ஆகவேண்டும். செலவு அதிகம்தான், கோடையிலேயே செய்துவிடுங்கள்.