மணலுக்கு ஒரு நரம்பு, பாறைக்கு ஒரு நரம்பு

தூண்டில் சாமான் வாங்கக் கடைக்குப் போனதும், நரம்பைச் சுற்றி வைக்கும் ரீலைத்தான் முதலில் கையில் எடுத்துச் சுற்றிப் பார்க்கிறோம். காசு முழுவதும் அதற்குப் போன பிறகு, "நரம்பும் ஏதாவது ஒண்ணு போட்டுக் கொடுங்க" என்கிறோம். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். எங்கே நின்று வீசப் போகிறீர்கள், அங்கே எந்த நரம்பு தாங்கும் என்பது தெரிந்துவிட்டால் ரீல் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

சென்னைக்காரர்களுக்கு இரண்டு இடமும் பக்கத்திலேயே உண்டு. தெற்கே கோவளம் பக்கம் திறந்த மணற்கரை. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலுக்குள் நீளும் கற்குவியல்கள். அரசுக் கோப்பிலேயே இவற்றுக்குத் தூண்டில் வளைவு என்றுதான் பெயர். பெயர் வைத்தவர் நம் கட்சியாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் மணல். இங்கே பெரும்பாலும் இறால், கணவாய்த் துண்டு என்று இரை கோத்து, ஈயம் கட்டி வீசிவிட்டுக் காத்திருக்கிற வேலைதான். கிழங்கான், கெளுத்தி, யோகம் இருந்தால் காலா. இதற்கு நைலான் நரம்பு, சில ஊர்களில் தங்கூசி என்பார்களே, அது பழைய சரக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. நரம்பு இழுபடும். அலை வந்து தள்ளும்போதெல்லாம் அந்த இழுவை ஈயத்தைப் பெயர்க்காமல் காப்பாற்றும். மீன் வெடுக்கென்று இழுக்கும்போது தூண்டில் முள் அதன் வாயைக் கிழித்துக்கொண்டு வராது. கெளுத்தி உருண்டு புரண்டு நரம்பையே கயிறாகத் திரித்துவிட்டாலும் இரண்டு மீட்டரை வெட்டிப் போட்டுவிட்டு அடுத்த வீச்சுக்குப் போகலாம். பல இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பில் அதே சிக்கல் விழுந்தால் அன்று மாலை முடிந்தது.

அப்படியானால் மணலில் பிரெய்டுக்கு வேலையே இல்லையா? உண்டு. 0.40 மி.மீ. நைலான் தாங்குகிற எடையை 0.235 மி.மீ. பருமனுள்ள பிஇ 2 பிரெய்டு (பிஇ என்பது பிரெய்டின் பருமன் எண்) தாராளமாகத் தாங்கும். மெல்லியது என்பதால் தூரம் போகும். அதைவிட முக்கியம், நீரோட்டம் அதைப் பிடித்து இழுப்பது குறைவு. வடகிழக்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் வேகமெடுக்கும்போது, தடித்த நரம்பில் கட்டிய 100 கிராம் ஈயம்கூட நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். அப்போது நானும் பிரெய்டுக்கு மாறிவிடுவேன். எதிர்க்காற்று மட்டும் அதற்கு ஆகாது. தளர்ந்த சுற்று ஒன்று ஸ்பூலில், அதாவது ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையில், விழுந்தால் அடுத்த வீச்சில் பந்து பந்தாகத்தான் வெளியே வரும். வீசி முடித்ததும் பெயிலை (நரம்பைப் பிடித்து ஸ்பூலில் சுற்றும் வளைகம்பி) கையால் மூடி, விரலால் ஒரு இழு இழுத்துவிட்டுச் சுற்றத் தொடங்கினால் பாதித் தொல்லை குறையும்.

எதைப் போட்டாலும் கனமான ஈயத்துக்கு ஷாக் லீடர், அதாவது நரம்பின் முனையில் சேர்க்கும் தடித்த நரம்பு, கட்டாமல் வீசாதீர்கள். ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் ஈயத்துக்குப் பத்து பவுண்டு வலிமை என்பது கரைத்தூண்டில்காரர்களின் பழைய கணக்கு. 110 கிராம் ஈயத்துக்கு 40 பவுண்டு லீடர். ஸ்பூலில் நான்கைந்து சுற்று அது இருக்க வேண்டும். வீச்சின் நடுவில் அறுந்த ஈயம் துப்பாக்கிக் குண்டு மாதிரி போகும். மாலையில் கரையில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

பாறையில் கணக்கு மாறுகிறது. அங்கே நாம் பாப்பர், மெட்டல் ஜிக் என்று போலி இரைகளை வீசிக்கொண்டே இருக்கிறோம். 80 மீட்டர் தள்ளி கொடுவா வாய் வைக்கிறது என்று வையுங்கள். நரம்பு பத்து சதவீதம் நீண்டாலே நீங்கள் வெட்டி இழுத்ததில் எட்டு மீட்டர் வழியிலேயே கரைந்துவிடும். பிரெய்டு அநேகமாக நீளுவதே இல்லை. செப்பிலியோ பாறை மீனோ மாட்டினால் முதல் சில நொடிகளில் அதன் தலையைத் திருப்பியாக வேண்டும். இல்லையென்றால் கல் இடுக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் கல்லில் ஒட்டியிருக்கும் கூரான ஓடுள்ள கொட்டலசு, இறுகி நிற்கும் பிரெய்டை ஒரே உரசலில் தையல் நூல் போல வெட்டிவிடும். அதனால் பாறையில் பிரெய்டு என்றால் லீடரும் சேர்த்துத்தான் அர்த்தம். 50, 60 பவுண்டில் ராடு நீளத்துக்காவது போடுங்கள், பிரெய்டையும் லீடரையும் இணைக்கும் எஃப்ஜி முடிச்சில். லீடருக்கு ஃப்ளோரோகார்பன் என்ற நரம்புதானா? அது தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது என்று விற்கிறார்கள். தூண்டில் வளைவுப் பக்கத்துக் கலங்கல் தண்ணீரில் எதுதான் தெரிகிறது! அதன் கடினமான மேற்பரப்புக்காக வாங்கினால் சரி. கையில் காசு குறைவென்றால் தடித்த நைலானே போதும்.

பாறையிலேயே இரை கட்டி அடியில் போடுகிறவர்களுக்கு என் வாக்கு 0.50 நைலானுக்கு. ஈயத்தை மட்டும் மெல்லிய நரம்புத் துண்டில் கட்டிவிடுங்கள். கல்லில் சிக்கினால் ஈயம் மட்டும்தான் போகும்.

இனி ரீல். மணலுக்கு 5000, 6000 அளவு. நாள் முழுக்கக் கையில் பிடித்து வீசுகிற பாறைக்கு 4000, 5000. எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். டைவா பிஜி 4000, ஷிமானோவின் 4000-ஐவிட நன்றாகவே பெரியது. பேரிங் எண்ணிக்கைக்கும் மயங்காதீர்கள். பென் பேட்டில் 3, அதைவிட விலை கூடிய ஸ்பின்ஃபிஷர் 6 இரண்டிலும் 5+1 பேரிங்தான். பெட்டியில் 13+1 என்று போட்ட மலிவு ரீல் இவற்றின் பக்கத்தில் நிற்காது.

பேட்டிலுக்கும் ஸ்பின்ஃபிஷருக்கும் உண்மையான வித்தியாசம் தண்ணீர் புகாத அடைப்பு. மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக்கான டிராக் இரண்டிலும் கார்பன் ஃபைபர் வாஷர்தான். ஆனால் ஸ்பின்ஃபிஷரின் உடலும் ஸ்பூலும் ஐபிஎக்ஸ்5 தரத்துக்கு அடைக்கப்பட்டவை. எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். முக்கி எடுப்பதற்கு அந்த எண் உத்தரவாதம் தருவதில்லை. மணலில் அலைக்கு எட்டாமல் நிற்கிறவருக்கு பேட்டிலோ பிஜியோ தாராளம். பாறையில் நிற்கிறவர் கூடுதல் காசை அடைப்புக்குக் கொடுக்கலாம். நான் கொடுக்காமல் பட்டவன். ஒரு அலை மேலே விழுந்து நனைத்த ரீலை அப்படியே பையில் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் டிராக் இறுகிப்போய், பெரிய மீன் ஒன்று லீடரை அறுத்துக்கொண்டு போனது. தப்பு ரீலில் பாதி, என்னில் பாதி.

வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கி மூடிவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றித் துடையுங்கள். குழாயைத் திருகிப் பீய்ச்சினால் உப்பும் மணலும் உள்ளேதான் போகும். காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.

இரண்டு இடத்துக்கும் போகிறவர் சுமாரான இரண்டு ரீல் வாங்குவதைவிட நல்ல 5000 ஒன்றும் உதிரி ஸ்பூல் ஒன்றும் வாங்குவது மேல். ஒன்றில் 0.37 நைலான், இன்னொன்றில் பிஇ 2. பிரெய்டுக்கு அடியில் கொஞ்சம் நைலான் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முழுக்கட்டும் ஸ்பூலில் வழுக்கிச் சுழலும். உதிரி ஸ்பூல் தனியாகக் கிடைக்குமா என்று ரீல் வாங்கும் முன்பே கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். பல மாடல்களுக்கு இங்கே கிடைப்பதில்லை.