அரபும் தமிழும் கலந்த விலைப்பட்டியல்: இட–வல டேப்பா, தொடக்க–முடிவு டேப்பா, அட்டவணையா?

திருகோணமலையில் தட்டச்சு வேலை செய்பவருக்குத் தமிழ் மட்டும் போதாது; கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வரும் மத்ரஸா வேலைகளில் அரபு வரிகள் இல்லாதிருப்பது அரிது. அண்மையில் கிதாபுகளின் (அரபுப் பாட நூல்களின்) விலைப்பட்டியல் ஒன்றை ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் அரபிலும் அமைக்க நேர்ந்தபோது, நான் முதலில் செய்தது தவறு. பந்தியின் திசையை மாற்றாமல், வரிகளை வலப்பக்கமாக ஒதுக்கிவிட்டு, அரபு சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

யூனிகோடின் இருதிசை விதிப்படி டேப், அதாவது வரியில் குறித்த நிறுத்தத்துக்குத் தாவ வைக்கும் விசையின் குறி, ஒரு பகுதிப் பிரிப்பான். அது எப்போதும் பந்தியின் திசையையே ஏற்கும். எனவே திசை மாற்றப்படாத பந்தியில் இரண்டு அரபுப் பெயர்களுக்கிடையே டேப் இட்டால், முதலில் தட்டிய பெயர் இடப்பக்கத்தில் நிற்கும். அதே இடத்தில் வெற்றிடம் இட்டால் அந்தப் பெயர் வலப்பக்கத்துக்குப் போய்விடும். திசையை மாற்றிய பிறகுதான் எந்த டேப் நல்லது என்ற கேள்விக்கே இடமுண்டு.

வேர்ட் கோப்பின் வடிவத்தை வரையறுத்து 2006இல் வெளிவந்த எக்மா 376 தரம் டேப் வகைகளை ‘இடம்’, ‘வலம்’ என்றே பெயரிட்டது. அதே கோப்பு வடிவத்துக்குப் பின்வந்த ஐஎஸ்ஓ 29500 தரத்தின் கண்டிப்பான வடிவம், பந்தியின் திசையைப் பொறுத்து, ‘தொடக்கம்’, ‘முடிவு’ என்கிறது. ஒரு திசையில் மட்டும் எழுதப்படும் கடிதத்துக்கு முதலாவது முறை போதும். இரு திசைக்கும் ஒரே பாணியைப் பயன்படுத்துவதாயின் இரண்டாவதே மேல். வேர்ட் மென்பொருளில் வலமிருந்து இடமாகச் செல்லும் பந்தியின் அளவுகோலும் வல ஓரத்திலிருந்தே தொடங்குவதால், தூரமும் வகையும் சேர்ந்தே கண்ணாடிப் பிம்பம் போலத் திரும்புகின்றன.

பெயர்களுக்கு இது அழகாகப் பொருந்தும். விலைகளுக்குத்தான் பொருந்தாது. அரபு எழுத்து வலமிருந்து சென்றாலும் அதனுள் எண்கள் இடமிருந்தே எழுதப்படுகின்றன. தமிழ்ப் பக்கத்தில் ‘முடிவு’ டேப்பில் 850உம் 1,250உம் ஒன்றின்கீழ் ஒன்றாக ஒன்றுகள் இடம் பொருந்தி நிற்கும். அரபுப் பக்கத்தில் அதே டேப் அவற்றின் இட விளிம்புகளைப் பிடித்துக்கொள்வதால், 850இன் எட்டு 1,250இன் ஒன்றுக்கு நேர்கீழே வந்துவிடும். கடைக்காரர் கூட்டிப் பார்க்கும் பட்டியலில் இது சிறு குறை அல்ல.

ஆதலால் எண்கள் உள்ள பட்டியலுக்கு என் தெரிவு கோடில்லாத அட்டவணையே. அட்டவணையின் திசையை வலமிருந்து இடமாக வைத்துவிட்டு, விலைக் கட்டங்களின் பந்திகளை மட்டும் இடமிருந்து வலமாக்கி வலப்பக்கம் ஒதுக்கினால், நிரல்கள் அரபுக்கேற்பவும் இலக்கங்கள் கணக்குக்கேற்பவும் நிற்கும். பெயருக்கும் விலைக்கும் இடையே டேப் தரும் புள்ளிக்கோடு இதில் கிடைக்காது. வாடிக்கையாளர் அதைக் கேட்டபோது, புள்ளிகளைக் கையால் தட்டித் தர மறுத்து, வரிகளுக்கிடையே மெல்லிய கோடு போட்டுக் கொடுத்தேன்.