பேஸ் ட்ராப் வாங்குகிறீர்களா? முதலில் எடை போட்டுப் பாருங்கள்

வீட்டில் ஓர் அறையில்தான் மிக்ஸிங், அதாவது பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சமன்செய்யும் வேலை, செய்கிறேன். அறையின் நீளம் 3.4 மீட்டர். அந்த நீளத்துக்கு 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி சுவருக்குச் சுவர் மோதி அங்கேயே தங்கிவிடும். சுவரோரம் கும்மென்று கேட்கும் பேஸ் (தாழ்ந்த ஒலி), நாற்காலியை அறை நடுவே தள்ளினால் காணாமல் போகும். இதற்காக, வீட்டிலேயே செய்து விற்கும் ஒருவரிடம் நான்கு பேஸ் ட்ராப், அதாவது பேஸை உறிஞ்சும் பஞ்சுச் சட்டங்கள், சொல்லி வாங்கினேன். உள்ளளவு 120க்கு 60 செ.மீ., கனம் 15 செ.மீ., கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) என்பது பேச்சு.

மூலைகளில் நிறுத்திக் கை தட்டிப் பார்த்தேன். எதிரொலி குறைந்திருந்தது. சரி, வேலை செய்கிறது என்று நம்பினேன். அங்கேதான் ஏமாந்தேன். கைதட்டலில் பெரும்பாலும் உயர் அதிர்வெண்கள்தான். அதை மெல்லிய பஞ்சே குடித்துவிடும். பேஸ் அப்படியேதான் இருந்தது.

ஒருநாள் ஒன்றை இடம் மாற்றத் தூக்கினால், ஒற்றைக் கையில் வந்துவிட்டது. கணக்குப்படி ராக்வூல் மட்டுமே 5 கிலோவைத் தாண்ட வேண்டும். மரச்சட்டத்தோடு சேர்த்தே 4 கிலோகூட இல்லை! பின்பக்கத் துணியின் பின்களைப் பிடுங்கினேன். முன்னால் இரண்டு விரல் கனத்துக்கு ராக்வூல். அதன் பின்னால் முழுக்கத் தெர்மாகோல். டிவி பெட்டிக்குள் வருமே, அதே கட்டிகள்.

இழைகளுக்கு நடுவே இருக்கும் காற்று ஒலியோடு முன்னும் பின்னும் ஆடி இழைகளில் உரச, ஒலி கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாகிக் கரைய வேண்டும். பேஸ் ட்ராப்பின் வேலையே அதுதான். தெர்மாகோல் மணிகள் மூடியவை. காற்றே நுழையாத இடத்தில் எது உரசும்? அதோடு சுவரை ஒட்டிக் காற்று அசைவதே அரிது. கால் அலைநீளம் தள்ளித்தான் அசைவு உச்சத்தில் இருக்கும். 50 ஹெர்ட்ஸுக்கு அது சுமார் 1.7 மீட்டர். அவ்வளவு பஞ்சை யாராலும் அடைக்க முடியாது. அதனால்தான் கனத்தில் ஒவ்வொரு செ.மீ.யும் முக்கியம், பின்னால் காற்றிடைவெளி விட்டு மூலையில் குறுக்காக நிறுத்துவதும் அதற்காகத்தான்.

போன் செய்தேன். “தெர்மாகோலும் நல்லதுதான் சார், குளிர் அறைக்கே அதைத்தான் போடுறாங்க” என்றார். வெப்பத்தைத் தடுப்பது வேறு, ஒலியை உறிஞ்சுவது வேறு என்றேன். இணைப்பைத் துண்டித்தவர் அப்புறம் எடுக்கவே இல்லை.

செய்யச் சொல்லி வாங்குபவர்கள், பின்துணி அடிக்கும் முன்பே உள்ளே இருப்பதை நேரில் பார்த்துவிடுங்கள். அடர்த்தி இவ்வளவு என்று சொன்னால் எடை போட்டுக் கணக்கைச் சரிபாருங்கள். மேலுறைத் துணியில் வாய் வைத்து ஊதுங்கள். காற்று தாராளமாகப் போக வேண்டும்.

தெர்மாகோலை எறிந்துவிட்டு, கையுறையும் முகக்கவசமும் போட்டு நானே ராக்வூல் அடைத்தேன். 50 ஹெர்ட்ஸ் இன்னும் முழுதாக அடங்கவில்லை. ஆனால் 100 ஹெர்ட்ஸுக்கு மேலே இழுத்துக்கொண்டே இருந்த கும்மல் நன்றாகக் குறைந்துவிட்டது. கொடுத்த பணம் மட்டும் திரும்பி வரவில்லை.