ஆறு குராமிகள், ஒரு மீன் கடை

கோவையில் நான் மூன்று ஆண்டுகளாகத் தொட்டியில் வளர்க்கும் அலங்கார மீன் வாங்கி வரும் கடை ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது. கடையின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியதன்று. தொட்டிகள் துப்புரவாக இருக்கும், செத்த மீனை மிதக்க விடமாட்டார்கள், பையில் காற்றை நன்றாக அடைத்துக் கட்டித் தருவார்கள். ஞாயிறு மாலையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது என்பதைத் தவிர அதுவரை நான் குறை கண்டிராத அந்தக் கடையில்தான், தலா 90 ரூபாய்க்கு ஆறு டுவார்ஃப் குராமி மீன்களை வாங்கினேன். பதினோரு நாளில் ஆறும் போய்விட்டன.

குராமி, ஃபைட்டர், நம் குளங்களின் பனையேறிக் கெண்டை ஆகியவை ஒரே இனக்கூட்டம். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக அமைந்த ஓர் உறுப்பால் இவை நீருக்கு வெளியே உள்ள காற்றையும் சுவாசிக்கும். கப்பி போன்ற மற்ற மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தால் ஏதோ கோளாறு என்று உடனே தெரிந்துவிடும். குராமிக்கோ மேலே வருவதே இயல்பு என்பதால், நோய் முற்றும்வரை நமக்குச் சந்தேகம் எழுவதில்லை. எனக்கு நோயைக் காட்டிக்கொடுத்தது அதன் மீசைபோன்ற துடுப்புதான். வயிற்றுப் பக்கத் துடுப்பு இரண்டும் நூல்போல நீண்டிருக்கும். நலமாக உள்ள குராமி அவற்றை முன்னே நீட்டி, செடி, கண்ணாடி, பக்கத்து மீன் என எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தபடியே நீந்தும். ஐந்தாம் நாள் ஒரு மீன் அந்த இரு நூல்களையும் உடலோடு ஒட்டி மடக்கிக்கொண்டு ஃபில்டருக்குப் பின்னால் ஒதுங்கியது. மறுநாள் அதன் சிவப்பும் நீலமும் சாயம்போன துணிபோல வெளுத்தன, வயிறு சற்று உப்பியது, போட்ட தீனி கண்முன் விழுந்தும் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது கிடைத்த பதில், "உங்க தண்ணி ஒத்துக்கலீங்க, வேற ஒண்ணுமில்லீங்க." எங்கள் வீட்டுக்கு வருவது சிறுவாணித் தண்ணீர். குராமி விரும்பும் மென்னீர் அதுதான். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் அவர் சொன்னதில் பாதியையாவது ஏற்றிருப்பேன். மீனுக்கு நஞ்சாகும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0, பிஎச் 7.2, வெப்பம் 27 டிகிரி என்று எழுதி வைத்திருந்த தாளை நீட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, நீல மருந்து ஒரு புட்டி கொடுத்தார். அந்த மெத்திலீன் ப்ளூ பூஞ்சைக்கு உதவும். ஆனால் அதை ஓடுகிற தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் வாழ்ந்து அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவும் அடிபட்டு, அம்மோனியா ஏறி, நோயில்லாத மீனும் நோவாளியாகும். புட்டியைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.

நான் கண்ட அறிகுறிகள் குராமி இரிடோவைரஸ் நோயோடு பொருந்துகின்றன. பிசிஆர் சோதனைதான் அதை உறுதிசெய்யும். உறுதியானாலும் மருந்து கிடையாது. கங்கை, பிரம்மபுத்திரா நீர்நிலைகளைத் தாயகமாகக் கொண்ட இந்த மீன், இன்று தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளில் நெருக்கமாக வளர்க்கப்பட்டு உலகெங்கும் போகிறது. வைரஸும் கூடவே போகிறது. 2003ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலப் பண்ணை ஒன்றில் மர்ரே காட் என்னும் நன்னீர் மீனின் குஞ்சுகள் கூட்டமாகச் செத்தபோது, அவற்றில் கண்ட வைரஸ் குராமி வைரஸை ஏறக்குறைய அப்படியே ஒத்திருந்தது. அதனால்தான் என் தொட்டித் தண்ணீரை வாய்க்காலில் விடாமல், பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் வைத்திருந்து கழிவறையில் ஊற்றினேன். நொய்யல் ஆற்றில் போய்ச் சேர வேண்டிய சரக்கல்ல அது.

கடைமீது எனக்குள்ள வருத்தம் நோய் வந்ததற்காக அன்று. சென்னை கொளத்தூரிலிருந்து புதன் காலை இறங்கும் மீன் அன்று மாலையே விற்பனைத் தொட்டிக்கு வந்துவிடுகிறது. எல்லாத் தொட்டி நீரும் கலந்து சுற்றிவரும் ஒரே சம்ப் ஃபில்டர், ஒரே வலை. ஒரு பையில் வந்த நோய் கடை முழுவதும் சுற்றிவர வேறென்ன வழி வேண்டும்? பயணக் களைப்போடு வந்த மீனைத் தனித்தொட்டியில் இரண்டு வாரமாவது வைத்திருந்தால் நோயுள்ளவற்றில் பல அங்கேயே தெரிந்துவிடும். இதை உரிமையாளரிடம் சொன்னபோது, தொட்டி முடங்கினால் கட்டுப்படியாகாது என்றார். அவர் கணக்கும் பொய்யில்லை. மாற்றாக அதே தொட்டியிலிருந்து இரண்டு குராமி இலவசமாகத் தர முன்வந்தார், வேண்டாம் என்றேன்.

பிறகு ஓர் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார். அடுத்த புதன்கிழமைச் சரக்கில் நான் நான்கு குராமிகளைத் தேர்ந்தெடுத்து 200 ரூபாய் முன்பணம் கொடுப்பது, அவர் அவற்றைத் தனி வாளியில், தனி வலையோடு, ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டுப் பதினைந்து நாள் வைத்திருப்பது. பத்தாம் நாள் காலை அவரே அழைத்தார். "ஒண்ணு வெளுத்துப்போச்சுங்க, ஒண்ணு போயிருச்சுங்க, மத்த ரெண்டையும் நான் தர மாட்டேனுங்க" என்றார். மாலையில் போனபோது முன்பணத்தை எண்ணிக் கொடுத்தார். அந்த வாளி இப்போது கல்லாவுக்குக் கீழேயே இருக்கிறது. சென்ற வாரம் அதில் வேறு யாருக்காகவோ ஐந்து தேன் குராமிகள் காத்திருந்தன.